பூட்டிக் கிடந்த வீட்டுக் கொல்லையில் தானாக வந்த காய்கறிகள்

கேள்வி சுருக்கமாக இதுதான். காரைக்குடிக்குப் பக்கத்தில் பூர்வீக வீடு. பொங்கல் முடிந்து பூட்டியவர்கள் ஆவணியில் வந்து திறந்திருக்கிறார்கள். ஏழு மாதம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாத கொல்லையில் பாம்புத்தோல் போலப் புள்ளி விழுந்த தண்டு ஒன்று குடை விரித்து நிற்கிறது. அடுப்படித் தண்ணீர் போகும் வாய்க்காலில் சேம்பு இலை. குப்பைக்குழியில் ஒரே இடத்தில் முப்பது கொடிக் கன்றுகள், ஓரமாகத் தக்காளி. வேலி முழுக்கக் கோவை. செத்துப்போனதென்று விட்ட கத்தரிக் கட்டையில் துளிர். எதை வைப்பது, எதைச் சாப்பிடலாம், தீபாவளி முடிந்து மறுபடி பூட்டினால் பொங்கல் வரை எது நிற்கும் என்று கேட்கிறார்கள்.

கொல்லையைச் செதுக்க ஆள் சொல்லியிருந்தால் முதலில் நிறுத்துங்கள். பூட்டிய வீட்டைத் திறந்ததும் எல்லாரும் செய்வது அதைத்தான். ஒரே நாளில் மம்பட்டி போட்டு வழித்துவிட்டு, மறுவாரம் நாற்று வாங்க அலைவார்கள். அதற்குப் பதில் ஒரு நீளக் கம்பால் புதரைத் தட்டிக்கொண்டே, காலில் கனத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். ஆளில்லாக் கொல்லையில் விரியன் படுத்திருக்கும். கொடி இலைக்கு அடியில் கையை விடுவது அப்புறம். வேண்டிய செடி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். மற்றதை அரிவாளால் தரையோடு அறுத்தால் போதும். கொத்த வேண்டாம்.

அடுத்து, ஒவ்வொரு செடியின் அடியிலும் விரலால் 2 அங்குலம் மண்ணை விலக்கிப் பாருங்கள். இந்தப் பதிலின் மையமே அந்த 2 அங்குலம்தான். முளைத்தது கிழங்கிலிருந்தா, விதையிலிருந்தா, பழைய கட்டையிலிருந்தா என்று பார்க்க வேண்டும். கிழங்கிலிருந்து வந்ததென்றால் நீங்கள் கவனிக்காமல் விட்டது அதற்கு உதவியே செய்திருக்கிறது. விதையிலிருந்து வந்ததென்றால் அதன் குணம் தாயைப் போல் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கட்டையிலிருந்து வந்ததென்றால் பழைய செடியின் நோயும் பூச்சியும் சேர்ந்தே வந்திருக்கலாம். வைப்பதா, பிடுங்குவதா, வாயில் வைக்கலாமா என்ற மூன்றுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

புள்ளித் தண்டும் குடை இலையும் சேனை. பல ஊர்களில் இதையே கருணைக்கிழங்கு என்பார்கள், பிடிகருணை வேறு. போன தடவை கிழங்கு தோண்டியபோது தாய்க்கிழங்கை ஒட்டியிருந்த எலுமிச்சை அளவுக் குட்டிகள் மண்ணிலேயே தங்கியிருக்கும். மார்கழி, தையில் இலை மஞ்சளித்துச் சாய்ந்தபின் சேனைக்கு மூன்று நான்கு மாதம் உறக்கம். அந்த உறக்கத்தில் ஈரம் பட்டால்தான் கெடும். நீங்கள் ஊரில் இருந்து, பாசத்தோடு தினமும் ஒரு குடம் ஊற்றியிருந்தால் இந்நேரம் அழுகியிருக்கும். காய்ந்த செம்மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்துவிட்டுக் கோடை மழை பெய்ததும் வைகாசி வாக்கில் முளைத்திருக்கிறது.

ஆசைப்பட்டு இப்போது தோண்டாதீர்கள். சேனை வருடா வருடம் பழைய கிழங்கின் சத்தைத் தின்றுதான் தண்டு விடும். அந்த இடத்தில் புதுக்கிழங்கு கட்டும். ஆவணியில் தோண்டினால் வற்றிப்போன பழையதும் நிரம்பாத புதியதும்தான் கைக்கு வரும். முளைத்து எட்டு ஒன்பது மாதம் ஆகி, இலை தானாக மஞ்சளித்துச் சாயும்போதுதான் கிழங்கு முற்றும். உங்கள் கணக்கில் அது சரியாகத் தைப்பொங்கல். தண்டு கட்டைவிரல் பருமன்தான் என்றால் உள்ளே இருப்பது சிறியது. அதை அடுத்த வருட விதைக்கென்று விடுங்கள். மணிக்கட்டுப் பருமன் இருந்தால் சமையலுக்கு எடுக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாக மேல்மண்ணை லேசாகக் கீறி, மக்கிய சாணி எரு 2 கிலோ, வேப்பம்புண்ணாக்கு ஒரு கைப்பிடி போட்டு, பக்கத்து மண்ணை இழுத்து ஒரு சாண் உயரத்துக்கு அணையுங்கள். மேலே காய்ந்த இலை மூடாக்கு. செட்டிநாட்டுச் செம்மண்ணில் முக்கால் அடி போனாலே சரளை, அதற்குக் கீழே செம்புறாங்கல். கிழங்கு கீழே இறங்க வழியில்லாமல் தட்டையாகவும் கோணலாகவும் போவது அதனால்தான். அடுத்த நடவுக்கு 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுத்து, சரளையைச் சல்லடையில் சலித்து வெளியே தள்ளிவிட்டு, மேல்மண்ணும் எருவும் பாதிக்குப் பாதி நிரப்புங்கள். பெரிய கிழங்கை வெட்டி நட்டால் ஒவ்வொரு துண்டிலும் நடு முளையின் ஒரு பங்கு இருக்க வேண்டும். துண்டுகளைச் சாணிக்கரைசலில் முக்கி நிழலில் உலர்த்தி நடுவது பழைய வழக்கம், இன்றும் சரியான வழக்கம்.

அடித்தண்டு திடீரென்று சாய்ந்து, மண்ணை ஒட்டிய இடத்தில் வெள்ளைப் பூஞ்சை இழையும் கடுகு கடுகாகப் பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் அது அடியழுகல். நீர் தேங்கியதால் வருவது. அந்தச் செடியை மண்ணோடு அள்ளி வெளியே போட்டுவிடுங்கள். குப்பைக்குழிக்குப் போகக் கூடாது.

எந்த வருடமாவது சித்திரையில் வீட்டைத் திறந்ததும் எலி செத்த நாற்றம் வந்து, தேடித் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் கொல்லையில் பாருங்கள். முற்றிய சேனைக்கிழங்கு இலைக்கு முன்னால் தரையோடு கருஞ்சிவப்பில் ஒரு பெரிய பூ விடும். நாற்றம் அதிலிருந்துதான், பிணந்தின்னி வண்டையும் ஈயையும் வரவழைக்க அது செய்யும் வேலை. சில நாளில் அடங்கிவிடும்.

காறல் பற்றி ஒரு வார்த்தை. சேனையிலும் சேம்பிலும் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. நாக்கில் குத்துவது அவைதான். ஈரக்கையோடு வெட்டாமல் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டி, புளித்தண்ணீரில் நன்றாக வேகவைத்து வடித்துவிட்டுப் பிறகு வறுவலோ மசியலோ செய்யுங்கள். தானாக வந்த சேனையின் தண்டு சொரசொரவென்று முண்டு முண்டாக இருந்தால் அது காட்டுவகையாக இருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு புளி போட்டாலும் அடங்காமல் காறும். அதோடு போராடுவது வீண்.

வாய்க்கால் சேம்புக்கு வருவோம். ஒரு செடியை அடியோடு தூக்கிப் பாருங்கள். தாய்க்கிழங்கைச் சுற்றி விரல் விரலாகக் குட்டிகள் கொத்தாக இருந்தால் சேப்பங்கிழங்கு. கிழங்கே கட்டாமல் தரையோடு நீள நீளக் கொடிவேர் மட்டும் ஓடினால் அது வெறும் சாக்கடைச் சேம்பு. நல்ல வகையே ஆனாலும் குளியலறைத் தண்ணீரோ கழிவறைத் தொட்டியின் கசிவோ அந்த வாய்க்காலில் கலக்கிறதென்றால் அந்தக் கிழங்கைத் தின்ன வேண்டாம். குட்டிகளை மட்டும் எடுத்துக் கழுவி, வேறு மேட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டுக்கொள்ளுங்கள். அது வளர ஆறு ஏழு மாதம் வேண்டும்.

இனி குப்பைக்குழிக் கொடிகள். உயிர் போகிற விஷயம் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முப்பது கன்று ஒரே இடத்தில் என்றால் முழுக்காய் ஒன்று அழுகி, அதன் விதைகள் மொத்தமாக முளைத்திருக்கின்றன. வாசலில் திருஷ்டி கழித்து உடைத்த வெண்பூசணியை வாரிக் குப்பையில் போட்டிருந்தால் அதுவாகவும் இருக்கலாம். தெருவோரத்தில் குங்குமக் கறையோடு கிடந்த ஓட்டுக்குள்ளிருந்தே பூசணி முளைத்து ஓடுவதை அந்தப் பக்கம் பார்க்காதவர் இல்லை. எந்தக் காய் என்று பூவும் இலையும் சொல்லும். சாயங்காலம் மலரும் வெள்ளைப் பூவும் பட்டுப்போல மென்மையான வட்ட இலையும் சுரை. இலை நரம்பை ஒட்டி வெள்ளைத் திட்டும், விடியலில் மலரும் பெரிய மஞ்சள் பூவும் பரங்கி. நுனி நூல் நூலாகக் கிழிந்த வெள்ளைப் பூ புடலை. மாலையில் மலரும் மஞ்சள் பூவும் சொரசொரப்பான இலையும் பீர்க்கை. இலை ஆழமாகப் பிளந்து தர்பூசணிக் கன்று போல் இருந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். வறண்ட தரிசில் தானாக ஓடும் தும்மட்டியின் இலையும் அப்படித்தான். அதன் காயும் குட்டித் தர்பூசணி போலவே உருண்டையாகப் பச்சைக்கோடு போட்டிருக்கும். உள்ளே கடும் கசப்பு, குடலைப் புரட்டிப் பேதியாக்கும்.

பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. இந்தக் குடும்பத்தின் காட்டு உறவுகள் பெரும்பாலானவற்றில் குக்குர்பிட்டேசின் என்ற கசப்பு நஞ்சு உண்டு. நாம் தின்னும் வகைகளில் கசப்பைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்து வைத்திருக்கிறார்கள். வேலியில் ஒரு பேய்ச்சுரை இருந்து, தேனீ அதன் மகரந்தத்தை வீட்டுச் சுரைப்பூவில் கொண்டுவந்து சேர்த்தால் அந்த வருடக் காயில் ஒன்றும் தெரியாது. தாய்க்கொடி என்னவோ அதுதான் காயின் சுவை. வித்தியாசம் அந்தக் காயின் விதைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அந்த விதை குப்பையில் விழுந்து அடுத்த வருடம் முளைக்கும்போதுதான் கசப்புக்காய் வரும். கடையில் வாங்கும் பாக்கெட் விதையைவிடத் தானாக முளைத்த கொடியை அதிகம் சந்தேகிக்க வேண்டியது இதனால்தான். வெயிலிலும் வறட்சியிலும் தவித்த கொடியில் கசப்பு ஏறுவதும் உண்டு.

2010-இல் டெல்லியில் கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்த ஒரு விஞ்ஞானி இறந்தார். அதற்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஒரு வல்லுநர் குழு வைத்து ஆராய்ந்தது. சாறு எடுக்கும் முன் சிறு துண்டைச் சுவைத்துப் பார், கசந்தால் முழுக்காயையும் எறி என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. நம் சமையலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பரங்கிக்காய்க்குப் புளியும் வெல்லமும் மிளகாயும் போடுகிறோம். லேசான கசப்பை அந்த மூன்றும் மறைத்துவிடும். ஆகவே பச்சையாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்: காம்புப் பக்கம் ஒரு மெல்லிய சீவல் வெட்டி நாக்கு நுனியில் வைத்து, உடனே துப்பி, வாய் கொப்பளிக்க வேண்டும். விழுங்கக் கூடாது. ஒவ்வொரு காயையும் பார்க்க வேண்டும். கசந்தால் அந்தக் கொடியையே அறுத்துவிடுங்கள். அதன் விதையும் வேண்டாம். பாகற்காய் தவிர வேறெந்தக் கொடிக்காயும் கசக்க வேண்டிய அவசியமே இல்லை. தெரியாமல் தின்று வாந்தியோ பேதியோ வந்தால், அதிலும் இரத்தம் கலந்திருந்தால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாப்பிட்டது இன்னதென்று சொல்லுங்கள்.

முப்பதில் இரண்டு கன்றுகளை மட்டும் வையுங்கள். மற்றதைப் பிடுங்கினால் நிற்பவற்றின் வேர் ஆடும். கத்திரிக்கோலால் தரையோடு வெட்டுங்கள். இடம் மாற்றுவதாக இருந்தால் விதையிலைக்குப் பிறகு இரண்டு நிஜ இலை விட்ட பருவத்தில், சாயங்கால வேளையில், கையளவு மண்ணோடு பெயர்த்து நட வேண்டும். நான்கு இலைக்கு மேல் போனால் பிழைத்தாலும் ஓடாது. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. பூவுக்கு அடியில் குட்டிக்காய் இருந்தால் பெண். குட்டிக்காய் மஞ்சளித்து உதிர்ந்தால் உரம் போடாதீர்கள், மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். பரங்கிக்குக் காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், சுரைக்கு அந்தி நேரத்தில், ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தேயுங்கள்.

காய் கட்டைவிரல் அளவு ஆனதும் பழைய செய்தித்தாளில் கூம்பு செய்து மூடிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பழ ஈ குத்தி முட்டை வைக்கும். காய் கோணிக்கொண்டு உள்ளே புழுவோடு அழுகும். ஆளில்லாத கொல்லையில் விழுந்த காய் எல்லாம் அங்கேயே கிடந்து, புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி, அடுத்த தலைமுறை ஈ தயாராக இருக்கும். குத்துப்பட்ட காயைக் குப்பைக்குழியில் போடாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி மூன்று நாள் வெயிலில் வையுங்கள்.

வேலிக் கோவையின் அடியில் தோண்டினால் தடித்த வேர்க்கிழங்கு இருக்கும். அதனால்தான் வருடா வருடம் காய்வதும் வருவதுமாக இருக்கிறது. கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பறவை போட்ட விதையில் வந்ததென்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆணாக இருக்கும். பூக்கும், ஆயுளுக்கும் காய்க்காது. வெள்ளைப் பூவின் அடியில் சிறு காய் தெரிந்தால் பெண். அதிலும் காய் கசக்கும் காட்டுக்கோவை நிறைய. மேலே சொன்ன அதே நாக்குச் சோதனை இங்கேயும் உண்டு. கசக்காத பெண் கொடி ஒன்று கிடைத்துவிட்டால் அதிர்ஷ்டம்: தரையிலிருந்து ஓர் அடி விட்டு முழுக்க வெட்டி எரு வையுங்கள், இரண்டு மாதத்துக்குள் புதுக்கொடியில் காய் பார்க்கலாம். வெட்டியதில் பென்சில் பருமன் துண்டுகளாக நான்கைந்து கணுவோடு எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டால் எல்லாம் பெண் கொடியாகவே வரும். ஆண் கொடியை முழுக்க அழிக்க வேண்டாம், வேலி மூலையில் ஒன்று இருக்கட்டும்.

கத்தரிக் கட்டையில் துளிர் எங்கிருந்து வந்திருக்கிறது என்று உன்னித்துப் பாருங்கள். கரும்பை வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி தழைக்க வைக்கும் மறுதாம்பைப்போலக் கத்தரியிலும் விடலாம். தரையிலிருந்து ஓர் அடி விட்டு, நல்ல துளிர் இரண்டு மூன்றை மட்டும் வைத்துச் சாய்வாக வெட்டி, ஓரத்தில் இரண்டு கைப்பிடி எரு போட்டால் ஒன்றரை இரண்டு மாதத்தில் மறுபடி காய்க்கும். ஆனால் இலையெல்லாம் சுண்டுவிரல் நகம் போலச் சிறுத்துக் கொத்தாக வந்தால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்புவது. காயே வராது, பிடுங்கி எரியுங்கள். செடியை லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டால் வேரைச் சாம்பல்நிறக் கூன்வண்டின் புழு தின்றிருக்கிறது. அந்த இடத்தில் இந்த வருடம் கத்தரி வேண்டாம்.

ஒட்டுக்கத்தரி வாங்கி நட்டவர்களுக்கு வேறொரு ஆச்சரியம் காத்திருக்கும். ஒட்டுக்கு அடிச்செடியாகச் சுண்டையைத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். மேலே கத்தரி செத்து, ஒட்டுக்குக் கீழிருந்து துளிர்த்தால் வருவது சுண்டைக்காய்ச் செடி. அகன்ற இலை, தண்டில் முள், ஆளுயரம். கத்தரி போனதே என்று வருந்த என்ன இருக்கிறது? வத்தக்குழம்புக்கு ஆயிற்று, அப்படியே விட்டுவிடுங்கள்.

தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு அதை முளைக்க விடாமல் தடுக்கும். குப்பைக்குழியில் புளித்து அது கரைந்ததும் முளைக்கிறது. ஆவணியில் முளைத்ததுதான் இங்கே உருப்படும். மாசி, பங்குனியில் முளைத்தவை சித்திரை வெயிலில் பூவை உதிர்த்துவிட்டு இலையாக நிற்கும். வாங்கித் தின்ற பழம் வீரிய ஒட்டுரகம் என்றால் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒரு தினுசாகக் காய்க்கும். சில புளிக்கும், சில கோலிக்குண்டு அளவில் நிற்கும். தின்னத் தடையில்லை. இலை மேல்நோக்கிச் சுருண்டு செடி குட்டையாக நின்றால் மட்டும் இரக்கம் பார்க்காதீர்கள். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது, பக்கத்துச் செடிக்கெல்லாம் போகும்.

கீரைகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குப்பைக்கீரை, சிறுகீரை விதைகள் மேல்மண்ணைக் கிளறி வெளிச்சம் பட்டதும் முளைக்கும். பருப்புக்கீரையைப் பிடுங்கிப் போட்டாலும் போட்ட இடத்தில் வேர் விடும். கொடிப்பசலை, மணத்தக்காளி, தூதுவளை மூன்றும் வந்தால் விடுங்கள். மணத்தக்காளிக் கன்றென்று நினைத்து ஊமத்தையை வளர்த்துவிடக் கூடாது. ஒரே குப்பை மேட்டில் இரண்டும் வரும். ஊமத்தை இலையைக் கசக்கினால் குமட்டும் நாற்றம் அடிக்கும். அடையாளம் உறுதியாகத் தெரியாத கன்று பூக்கும் வரை சட்டிக்குப் போக வேண்டாம்.

வேலியோரம் மரவள்ளியும் நிற்கிறதென்றால் எச்சரிக்கை. வறட்சியில் நின்ற மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் கூடும். தோலைத் தடிமனாக உரித்து, சிறு துண்டாக நறுக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து வடித்துவிடுங்கள்; கசந்தால் எறிந்துவிடுங்கள். சர்க்கரைவள்ளியில் கறுப்புத் துளையும் கசப்பும் இருந்தால் கூன்வண்டு விழுந்தது. அதை மாட்டுக்கும் போடக் கூடாது. கொடி நுனியில் ஒரு சாண் வெட்டி வேறு இடத்தில் நட்டுக்கொள்ளலாம்.

சுவரோரச் செடிகளில் கொழுந்து மட்டும் வெளிறி நரம்பு பச்சையாக இருந்தால் தண்ணீர்க் குறையென்று நினைக்காதீர்கள். பழைய வீட்டில் உதிர்ந்த சுண்ணாம்புக் காரையை அங்கே கொட்டியிருப்பார்கள். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், அரை எலுமிச்சைச் சாறு கலந்து சாயங்காலம் இலையில் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு தடவை தெளித்தால் பச்சை திரும்பும். காரைக்கட்டிகளைப் பொறுக்கி வெளியே போட்டால்தான் நிரந்தரத் தீர்வு.

தீபாவளிக்குப் பிறகு பூட்டுவது பற்றி. தை முதல் ஆவணி வரை பூட்டியபோது எதிரி வறட்சி. இந்தத் தடவை நீங்கள் இல்லாத ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் எதிரி தண்ணீர். செம்மண் நீரை வாங்கும், ஆனால் கீழே செம்புறாங்கல் தட்டினால் குழியில் கட்டி நிற்கும். ஓட்டுத் தண்ணீர் விழும் இடத்திலிருந்து ஒரு சாண் ஆழ வாய்க்கால் எடுத்து வெளிவடிகாலோடு சேருங்கள். சேனை, மஞ்சள் எல்லாவற்றுக்கும் மண் அணைப்பு இன்னொரு சாண் ஏற்றுங்கள். பொங்கல் மஞ்சள் கொத்தைப் போன வருடம் கொல்லையில் வீசியிருந்தால் அதுவும் எங்காவது முளைத்திருக்கும், தேடிப் பாருங்கள். முருங்கையை 3 அடி உயரத்தில் வெட்டிவிட்டால் மழைக்காற்றில் முறியாது, அடுத்த வெயிலுக்குப் புதுக்கிளையில் காய்க்கும். கொடி அவரை எங்காவது ஏறி, இலை மட்டுமாக இருந்தால் வெட்டிவிடாதீர்கள். பகல் குறுகினால்தான் அது பூக்கும். மார்கழிப் பனியில் பூத்துத் தையில் காயோடு நிற்கும். தக்காளியை உறுதியான குச்சியில் கட்டுங்கள், மயில் தின்னாமல் விடுவதுதான் உங்களுக்கு மிச்சம். கொடிகளில் கசக்காத சுரை ஒன்றை மட்டும் பறிக்காமல் விடுங்கள், விதைக்கு.

சேனை இலை மார்கழியிலேயே சாய்ந்து மறைந்துவிடும். பொங்கலுக்கு வரும்போது மேலே புல் மூடி, எங்கே இருந்தது என்று தெரியாமல் கடப்பாரையால் கிழங்கின் நடுவில் குத்துவீர்கள். பூட்டும் முன் கொல்லைச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, பக்கத்திலேயே எழுதி வையுங்கள்: சுவரிலிருந்து இத்தனை அடி, கிணற்று மேடையிலிருந்து இத்தனை அடி.